பெருங்காட்டில் முகாம்: நிலம் அறிந்து தங்கும் முறை

பெங்களூரு மாநகரின் மல்லேஸ்வரத்தில், பதினெட்டாவது குறுக்குத் தெருப் பகுதியில், காட்டோடு நெருங்கிய தொடர்புடைய இரு நிலையங்கள் உள்ளன. ஒன்று கர்நாடக வனத்துறையின் தலைமையகமாகிய அரண்ய பவனம். மற்றொன்று மர விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையம். 1938-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானம் நிறுவிய வன ஆராய்ச்சிக் கூடமே படிப்படியாக வளர்ந்து, 1988-இல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாக இப்பெயர் பெற்றது. பலவகை மரங்களின் மாதிரித் துண்டுகள் இங்கே சேகரித்துப் பாதுகாக்கப்படுகின்றன.

காட்டைப் பற்றிய முதற் பாடத்தை இத்தகைய மாதிரித் துண்டுகளிலிருந்தே தொடங்கலாம். சந்தனம், வெக்காலி, சண்பகம் என்னும் மூன்று மரங்களை எடுத்துக்கொள்வோம். சந்தனம் வறண்ட நிலத்தில் மெல்ல வளர்வது. தன் வேர்களை அண்டை மரங்களின் வேர்களோடு பொருத்தி அவற்றிடமிருந்து நீரும் உப்புக்களும் பெறுவது. வெக்காலி, மழை ஓரளவு பெய்யும் சரிவுகளில் கோடையில் இலையுதிர்த்து நிற்பது. சண்பகம், ஈரம் குறையாத மலைமடிப்புகளில் ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பது. இம்மூன்றையும் ஒரே மலைக்காட்டில், ஒரு நாள் நடைத் தொலைவிற்குள் காண இயலும். அவ்வாறாயின் அக்காடு பெயரளவில் ஒன்றே தவிர, உண்மையில் பல காடுகளின் தொகுதியாகும். இவ்வுண்மையை உணராமல் காட்டில் தங்குபவர் தமக்கும் காட்டிற்கும் தீங்கு தேடிக்கொள்வர். களப்பணியாளரும், மாணவரை இயற்கைக் கல்விக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் அறிய வேண்டிய முகாம் முறைகள் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

1. ஒரு காடு, பல நிலங்கள்

எடுத்துக்காட்டாகப் பிளிகிரிரங்கன் மலைக்காட்டைக் கொள்ளலாம். இது பெங்களூருக்குத் தெற்கே, சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1974-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2011-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம் போல இம்மலைத்தொடர் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. இதன் தென்புறத்தில் தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடுகள் தொடர்கின்றன.

மலையடிவாரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலும், உச்சிகள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் உள்ளன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே இங்குப் பெய்கின்றன. ஆயினும் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. அடிவாரத்தில் மழை குறைவு. உயரம் கூடக் கூட மழை பன்மடங்கு மிகுகிறது. இவ்வேறுபாட்டினால் அடிவாரத்தில் முட்புதர்க்காடும், அதற்கு மேல் வறண்ட இலையுதிர் காடும், பின் ஈர இலையுதிர் காடும், உயரத்தில் பசுமை மாறாக் காடும், உச்சிகளில் புல்வெளியும் அவற்றின் மடிப்புகளில் சோலைகளும் அமைந்துள்ளன. ஓடைக் கரைகளில் மட்டும் நீர்மருது, நாவல், புங்கு முதலிய மரங்கள் வரிசையாக நிற்கும்.

உயரத்தோடு வெப்பநிலையும் மாறுகிறது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆகவே அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே 7 அல்லது 8 டிகிரி வேறுபாடு இருக்கும். அடிவாரத்தில் போர்வையின்றி உறங்கியவர், மறுநாள் இரவு உச்சியில் கம்பளியின்றி உறங்க இயலாது.

இம்மலையின் பழங்குடியினராகிய சோலிகர், காட்டை ஒரே பெயரால் குறிப்பதில்லை. நிலத்தையும் மரத்தையும் ஈரத்தையும் பார்த்து வகைக்கு ஒரு பெயர் வழங்குகின்றனர். எந்த வகைக் காட்டில் எப்பருவத்தில் எந்த விலங்கு நிற்கும், எங்கே தேன் கிடைக்கும், எங்கே தங்கலாம், எங்கே தங்கலாகாது என்னும் அறிவு முழுவதும் அப்பெயர்களில் அடங்கியுள்ளது. முகாமிட விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதுவே: முதலில் நிலத்தின் வகையை அறிதல், பிறகே கூடாரத்தை இறக்குதல்.

2. இசைவும் ஆயத்தமும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இசைவின்றி எவரும் சரணாலயத்திற்குள் புகவோ தங்கவோ கூடாது. வனவிலங்குகளைப் பற்றிய ஆராய்ச்சி, படிப்பு, புகைப்படம் எடுத்தல், சுற்றுலா ஆகியவற்றிற்கு வனத்துறை இசைவு வழங்கலாம். சரணாலயத்திற்குள் தீ மூட்டுதலையும் ஆயுதத்துடன் புகுதலையும் அச்சட்டம் தடை செய்கிறது. பள்ளி மாணவருடன் செல்வோர் வனத்துறை காட்டும் தங்குமிடத்திலேயே தங்க வேண்டும். காட்டின் நடுவே தாமாக இடம் தேர்ந்து கூடாரம் அடித்தல் குற்றமாகும். காட்டினுள்ளே முகாமிடுவது களப்பணியாளரின் கடமையைச் சார்ந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர் தங்கும் முகாம்களும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் புலிகள் மதிப்பீட்டின்போது அமைக்கப்படும் தங்கல்களும் இவ்வகையின. எனினும் கீழ்க்கண்ட விதிகள் இரு சாராருக்கும் பொதுவானவை. காட்டோரப் பள்ளிக் கட்டிடத்தில் தங்குபவர்க்கும் அவை பயன்படும்.

புறப்படுமுன் மூன்று செய்திகளைத் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பாம்பு விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது, அதை அடைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. இரண்டாவது, எல்லாக் காலத்திலும் நீர் கிடைக்கும் இடம் எது என்பது. மூன்றாவது, செய்தி அனுப்பும் வழி. காட்டின் பல பகுதிகளில் கைப்பேசி இயங்குவதில்லை. வனத்துறையின் கம்பியில்லாக் கருவியே துணை.

நீரின் தேவையை முன்னரே கணக்கிடலாம். குடிப்பதற்கும் சமையலுக்கும் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், 20 பேர் இரு நாள் தங்க 200 லிட்டர் வேண்டும். இக்கணக்கை மாணவர்களே போட்டு, அந்நீரைத் தாமே சுமந்து பார்ப்பது நல்ல பயிற்சி. நகரத்தில் குழாயைத் திருப்பியவுடன் வரும் நீரின் எடை அப்போதுதான் அவர்களுக்குப் புலப்படும். ஓடை நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதைக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும்.

3. இடந்தேர்தல்: பொது விதிகள்

முகாமுக்குரிய இடத்தைப் பகல் வெளிச்சத்தில், மாலை நான்கு மணிக்கு முன்னரே தேர்ந்துவிட வேண்டும். இருட்டில் தேர்ந்த இடம் பெரும்பாலும் தவறான இடமாகவே அமையும்.

அ. யானைத்தடம். யானை நாள்தோறும் 100 லிட்டருக்கு மேல் நீர் அருந்தும் விலங்கு. நீரையும் மேய்ச்சலையும் இணைக்கும் அதன் தடங்கள் தலைமுறை தலைமுறையாக மாறாதிருப்பவை. அகன்று, மிதிபட்டு, மேடுபள்ளமின்றி, செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்த்துச் செல்லும் பாதை காணப்பட்டால் அது மனிதன் அமைத்ததென எண்ணலாகாது. பாதையோர மரங்களில் மனிதன் தலைக்கு மேற்பட்ட உயரத்தில் சேறு பூசியிருப்பதும், பட்டை தேய்ந்து வழவழப்பாக இருப்பதும் யானை உடலைத் தேய்த்துச் சென்றதற்கு அடையாளம். இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட கணவாயும், ஓடையைக் கடக்கும் ஆழமற்ற துறையும் எப்போதும் விலங்குகளின் வழிகளே. பார்வைக்கு அவை சமமாகவும் வசதியாகவும் தோன்றும். அதனாலேயே புதியவர் அங்கே கூடாரம் அடிக்க விரும்புவர். யானைக்கும் அவை வசதியான இடங்கள் என்பதை மறக்கலாகாது.

ஆ. நீர்க்கரை. முகாமிலிருந்து நீர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். முகாம் நீர்க்கரையில் இருக்கக் கூடாது. இரவில் விலங்குகள் அனைத்தும் நீருக்கு வரும். அவ்வழியை மறித்தால் அவை தாகத்துடன் திரும்ப நேரிடும், அல்லது முகாமுக்குள் நுழையும்.

இ. வறண்ட ஓடைப்படுகை. மெத்தென்ற மணலும் நிழலும் உள்ள ஓடைப்படுகையில் ஒருபோதும் உறங்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் மலையுச்சியில் இடிமழை பெய்தால், அடிவாரத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கரையோரப் புதர்களின் கிளைகளில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கும் உயரமே முன்பு வெள்ளம் வந்த உயரம். அதை அளந்து பார்த்தால் ஐயம் தீரும்.

ஈ. தலைக்கு மேல். கூடாரத்திற்கு மேலே காய்ந்த கிளை, பட்டமரம், மலைத்தேனீக் கூடு ஆகியவை உள்ளனவா என நிமிர்ந்து பார்க்க வேண்டும். மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும் பாறை முகடுகளிலும் திறந்த அடை கட்டுவது. புகையும் கலக்கமும் அதைச் சினமூட்டும்.

உ. குளிர்காற்று. இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தாக்கின் அடியைவிட, அதற்குச் சற்று மேலுள்ள சரிவின் தட்டு வெதுவெதுப்பாக இருக்கும். உச்சி முகட்டிலோ காற்றும் இடியும் மிகும். நடுச்சரிவில் அமைந்த தட்டையான இடமே ஏற்றது.

4. நிலத்திற்கேற்ற எச்சரிக்கை

முட்புதர்க்காடு. உசிலை, இலந்தை, முதிரை போன்ற மரங்கள் இடைவிட்டு நிற்கும் இக்காட்டில் நிழல் அரிது. நடுப்பகல் நடையைத் தவிர்க்க வேண்டும். இங்கே கரடியைப் பற்றிய கவனம் தேவை. கரடி கறையானும் பழமும் தேனும் உண்பது. மனிதனைத் தேடி வருவதன்று. ஆனால் புதரின் மறைவில் திடீரென எதிர்ப்பட்டால் அச்சத்தினால் தாக்கும். எனவே புதர்ப்பாதையில் சற்றே பேசிக்கொண்டு நடப்பது நன்று. பிற இடங்களில் அமைதியே ஒழுங்கு. இங்கு மட்டும் சிறு ஒலி பாதுகாப்பாகும்.

இலையுதிர் காடு. தேக்கு, கருமருது, வேங்கை, வெக்காலி, நெல்லி ஆகியவை நிறைந்த இக்காடே தென்னிந்திய மலைக்காடுகளில் களப்பணியாளர் மிகுதியாகத் தங்கும் நிலம். ஜனவரி முதல் இலைகள் உதிர, பார்வை வெகுதூரம் செல்லும். விலங்குகளைக் காண்பது எளிது. ஆனால் அதே சருகு மார்ச்சில் தீக்கு விறகாகிறது. முகாமைச் சுற்றிச் சருகைப் பெருக்கி, வெறுந்தரை வளையம் ஒன்று அமைக்காமல் இக்காட்டில் ஓரிரவும் தங்கலாகாது.

மூங்கில் காடு. மூங்கில் யானைக்கு விருப்பமான உணவு; அடர்ந்த தூறுகளுக்கிடையே சில அடி தூரத்தில் யானை நின்றாலும் தெரிவதில்லை. மேலும் பெருமூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். பட்ட மூங்கில் சிறு காற்றிலும் சாய்ந்து விழும். ஆகவே மூங்கில் காடு கடந்து செல்வதற்குரியது; தங்குவதற்குரியதன்று.

பசுமை மாறாக் காடும் சோலையும். இங்கே தரை எப்போதும் ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் அட்டைகள் மிகுதி. பகலிலும் வெளிச்சம் குறைவாதலால் திசை தடுமாறும். இக்காடுகள் மலையோடைகளின் பிறப்பிடம். சோலையின் மெத்தென்ற மண்ணே மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. பலர் ஒரே இடத்தில் மிதித்தால் அம்மண் இறுகி நீரை உறிஞ்சும் தன்மையை இழக்கும். எனவே சோலைக்குள் முகாமிடாமல் வெளியே தங்கி, சிறு குழுவாகச் சென்று கண்டு திரும்புவதே முறை. பிளிகிரிரங்கன் மலையில் பார்கவி ஆற்றங்கரையில் நிற்கும் ‘தொட்ட சம்பிகே’ என்னும் பெருஞ்சண்பக மரம் சோலிகர்க்குத் தெய்வமாகும். அத்தகைய இடங்களில் வழிபாட்டிடத்திற்குரிய அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும்.

மலைப்புல்வெளி. பரந்த காட்சியும் குளிர்ந்த காற்றும் முகாமிடுவோரைக் கவரும் இடம் இதுவே. மறைவிடம் இல்லாமையால் இடிமின்னலுக்கு இது மிக ஆபத்தானது. கோடையில் இதைவிடப் பெரிய ஆபத்து தீ. அது தனியே விளக்கத்தக்கது.

5. தீயின் இயல்பு

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், வறண்ட புல் நிறைந்த சரிவில் நடந்து வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். இத்துயரம் காட்டில் செல்லும் ஒவ்வொருவருக்கும் நிலையான பாடமாகும். மறு ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் பரவிய தீ பல ஆயிரம் ஏக்கர் நிலத்தை எரித்தது.

தீ சரிவில் மேல்நோக்கிச் செல்லும்போது அதன் வேகம் மிகுகிறது. சுவாலையும் சூடான காற்றும் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுவதே காரணம். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. சமதரையில் மனிதன் நடக்கும் வேகத்தில் வரும் தீ, 20 டிகிரிச் சரிவில் அதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் ஏறும். மனிதனோ ஏற்றத்தில் மேலும் மெதுவாகவே செல்வான். ஆகவே கீழிருந்து வரும் தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுதல் கூடாது. தீ பரவும் திசைக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் விலகி, வெறும்பாறை, ஏற்கெனவே எரிந்த நிலம், அகன்ற பாதை, நீர்நிலை ஆகியவற்றுள் ஒன்றை அடைய வேண்டும். குறுகிய மலைப்பிளவு புகைபோக்கியைப் போலத் தீயை இழுக்கும்; அதற்குள் இறங்கலாகாது.

இவ்விதிகள் தீ வந்த பின்னரே பயன்படுவன. இவற்றைவிட மேலானது, பிப்ரவரி முதல் மழை தொடங்கும் வரை வறண்ட புல்வெளியிலும் இலையுதிர் காட்டிலும் மாணவர் குழுவை அழைத்துச் செல்லாதிருத்தல். முகாமில் விறகுத்தீ மூட்டும் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். வெறுந்தரையில், கண்காணிப்புடன், இசைவு பெற்ற இடத்தில் மட்டுமே அடுப்பைப் பயன்படுத்தலாம்.

தீயைப் பற்றிச் சோலிகர் கூறும் கருத்தும் அறியத்தக்கது. முற்காலத்தில் அவர்கள் கோடை முற்றுமுன்னர், தரையில் சருகு மட்டும் எரியுமாறு சிறு தீ மூட்டுவர். ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத் தீ, என்பது அதன் பெயர். 1974-க்குப் பின் இது நின்றது. அதன் விளைவாகவே உண்ணிச்செடி காடெங்கும் பரவிற்று என அவர்கள் கூறுகின்றனர். உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது அது தலைக்கு மேல் உயர்ந்து பார்வையை மறைக்கிறது, புல்லை அழிக்கிறது, தீயை மரக்கிளை வரை ஏற்றுகிறது. இதன் பரவலுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆராய்ச்சியாளர் இதுபற்றி ஆய்ந்து வருகின்றனர். முகாமிடுவோர் இதிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: வல்லுநர் காலமறிந்து இடும் தீயும், அறியாதவர் அணைக்காது விட்ட தீயும் ஒன்றல்ல. முன்னதைச் செய்யும் உரிமையும் அறிவும் முகாமிடுவோர்க்கு இல்லை.

6. சிற்றுயிர்களும் நோய்களும்

காட்டில் பெருவிலங்குகளைவிடச் சிற்றுயிர்களாலேயே இடையூறு மிகுதி. 1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்துகிடந்தன; அண்டைக் கிராமத்தாரும் கடுங்காய்ச்சலுற்றனர். உண்ணிகளால் பரவும் ஒரு வைரஸே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்விடத்தின் பெயராலேயே அது கியாசனூர் காட்டுநோய் எனப்படுகிறது. பிற்காலத்தில் இந்நோய் வேறு மாவட்டங்களிலும் தோன்றியது. 2012-இல் பந்திப்பூர்ப் பகுதியிலும் காணப்பட்டது. மழைக்காலம் முடிந்தபின், கோடை வரையுள்ள மாதங்களில் இளம் உண்ணிகள் மிகுதியாதலால் அப்போதே நோயும் மிகும்.

ஆகவே முழுக்கை, முழுக்கால் ஆடை அணிந்து, காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். சருகின்மீது நேராக உட்காருதலும் படுத்தலும் கூடா. ஒவ்வொரு நாள் மாலையும் உடலில் உண்ணி பற்றியுள்ளதா எனச் சோதித்துக் குளிக்க வேண்டும். இறந்த குரங்கைக் கண்டால் நெருங்காமலும் தொடாமலும் உடனே வனத்துறைக்கோ சுகாதார நிலையத்திற்கோ அறிவிக்க வேண்டும். முகாமிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டிற்குச் சென்று வந்த செய்தியை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். புதரிலுள்ள நுண்பேன்களால் வரும் காய்ச்சலும் உண்டு. கடித்த இடத்தில் கருநிறப் பொருக்கு காணப்படலாம். மருத்துவர் காலத்தில் அறிந்தால் அதை எளிதில் குணப்படுத்தலாம். அறியாவிடில் உயிருக்கு ஆபத்து.

பாம்புகளுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குபவரைக் கடிக்கும். கடிவலி மிகக் குறைவாதலால் பலர் விழித்துக்கொள்வதும் இல்லை. ஆதலின் வெறுந்தரையில் படுக்காமல் கட்டிலிலோ அடைப்புள்ள கூடாரத்திலோ, கொசுவலையைப் படுக்கையின் அடியில் நன்கு செருகி உறங்க வேண்டும். காலணிகளைக் காலையில் உதறிய பின்னரே அணிய வேண்டும். இருட்டில் கைவிளக்கின்றி ஓரடியும் வைக்கலாகாது. பாம்பு கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் சுமந்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். புறப்படுமுன் மருத்துவமனையை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று கூறியதன் காரணம் இதுவே.

7. முகாமின் அன்றாட ஒழுங்கு

உணவை மாலை வெளிச்சத்திலேயே சமைத்து முடிக்க வேண்டும். யானையின் மோப்பத் திறன் மிகக் கூர்மையானது. வெல்லம், உப்பு, பழுத்த வாழை, பலா ஆகியவற்றின் வாசனை அதைத் தொலைவிலிருந்தே அழைக்கும். உணவுப் பொருள்களை இறுக மூடி, உறங்கும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். எஞ்சிய உணவைக் குரங்குக்கோ மானுக்கோ இடுதல் கூடாது. மனிதனிடம் உணவு பெற்றுப் பழகிய விலங்கு பின்னர் பறித்துத் தின்னத் தொடங்கும். இறுதியில் துன்புறுவது அவ்விலங்கே.

கழிப்பிடம் ஓடையிலிருந்து 60 மீட்டருக்குக் குறையாத தொலைவில், ஒரு சாண் ஆழக் குழியாக அமைந்து, பயன்படுத்தியபின் மண்ணால் மூடப்பட வேண்டும். ஓடையில் சோப்பிட்டுக் குளித்தலும் பாத்திரம் கழுவுதலும் கூடா. பிளாஸ்டிக் முதலிய மட்காத பொருள்கள் அனைத்தையும் கொண்டுவந்த பையிலேயே திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். புறப்படும்போது மாணவர் ஒரே வரிசையில் நின்று முகாமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவது வழக்கமாதல் வேண்டும்.

இரவு, காட்டுயிர்களுக்கு உரிய காலம். பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்திற்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டதும் இக்கருத்துப் பற்றியே. சாலைக்கு உரிய நெறி முகாமுக்கும் உரியது. பலத்த விளக்கும் ஒலிபெருக்கியும் பாட்டும் காட்டில் இடம்பெறலாகா.

8. முகாமில் கற்பிக்கத்தக்கவை

இதுவரை கூறிய எச்சரிக்கைகள் யாவும் பாடங்களாகவும் அமையும். எளிய கருவிகளுடன் நடத்தத்தக்க மூன்று பயிற்சிகள் வருமாறு:

முதற் பயிற்சி. ஒரே சரிவில் அடி, நடு, முகடு ஆகிய மூன்று இடங்களில் வெப்பமானி வைத்து, மாலை ஆறு மணிக்கும் விடியற்காலையிலும் அளவைக் குறிக்க வேண்டும். முகாமின் எல்லைக்குட்பட்ட சிறு மேடே இதற்குப் போதும். காற்றில்லாத, மேகமற்ற இரவுக்குப் பின் அடியிலேயே குளிர் மிகுதியாக இருப்பதை மாணவர் காண்பர். உயரம் கூடினால் குளிரும் கூடும் என்னும் பொது விதிக்கு இது மாறாகத் தோன்றுவதேன் என்று வினவி, குளிர்காற்று இறங்கித் தேங்குவதை விளக்கலாம்.

இரண்டாம் பயிற்சி. இரண்டு வகைக் காடுகளில் பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட சதுரங்களைக் கயிற்றால் அளந்து, அவற்றிலுள்ள மரங்களின் எண்ணிக்கை, வகை, மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெயர் தெரியாத மரத்திற்கு இலையின் படம் வரைந்தால் போதும். இலையைப் பறிக்க வேண்டுவதில்லை. உண்ணிச்செடி மூடிய சதுரத்தில் மரக்கன்றுகள் எத்தனை உள்ளன என்பதையும் எண்ணி ஒப்பிடலாம்.

மூன்றாம் பயிற்சி. வனக்காவலர் துணையுடன் காலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோட்டுப் பாதையில் அமைதியாக நடந்து, கண்ட விலங்குகளையும் சாணம், கால்தடம் முதலிய அடையாளங்களையும் நேரத்தோடு எழுத வேண்டும். புலிகள் மதிப்பீட்டின்போது களப்பணியாளர் கையாளும் முறையின் எளிய வடிவம் இது. ஒன்றும் தென்படாவிடின் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதும் சரியான குறிப்பே என்பதை மாணவர்க்கு உணர்த்த வேண்டும்.

இப்பயிற்சிகளில் உள்ளூர்ப் பழங்குடியினர் ஒருவரை ஆசிரியராகவே ஏற்றுக்கொள்வது சிறந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பிளிகிரிரங்கன் மலைச் சோலிகரின் சமுதாய உரிமைகள் 2011-இல் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றில் இவ்வாறு உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. வழிகாட்டியாக மட்டுமின்றி, அந்நிலத்திற்கு உரியவராகவும் அறிஞராகவும் அவர்களை மதித்துக் கேட்பது முகாமின் ஒழுங்கில் ஒரு பகுதியாகும்.

9. முடிவுரை

மல்லேஸ்வரத்து ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரித் துண்டு ஒவ்வொன்றும் தான் வளர்ந்த நிலத்தின் மழையையும் மண்ணையும் தன்னுள் பதித்து வைத்திருக்கிறது. அவ்வாறே காட்டின் ஒவ்வொரு சரிவும் அங்கே தங்கத் தகுமா, தகாதா என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. மரத்தில் பூசிய சேறு, கிளையில் சிக்கிய சருகு, காலடியில் நொறுங்கும் புல் ஆகிய அனைத்தும் அதன் எழுத்துக்கள். அவற்றைப் பகலில் படிக்கக் கற்றவர் இரவில் அச்சமின்றி உறங்குவர். அவர் சென்றபின் அங்கே ஒரு முகாம் இருந்ததற்கு அடையாளமே இல்லாதிருத்தல் அவர் கற்ற கல்வியின் சான்றாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரே மலைத்தொடரில் பலவகைக் காடுகள் அமைவதற்குரிய காரணங்கள் இரண்டு கூறுக.
2. அடிவாரம் 600 மீட்டர் உயரத்திலும், முகாம் 1,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டிற்குமிடையே எதிர்பார்க்கத்தக்க வெப்பநிலை வேறுபாட்டைக் கணக்கிடுக.
3. யானைத்தடத்தை அறிந்துகொள்ள உதவும் அடையாளங்கள் யாவை?
4. வறண்ட ஓடைப்படுகையில் உறங்குதல் ஏன் தவறு? வெள்ளம் வந்த உயரத்தை எவ்வாறு அறியலாம்?
5. சரிவில் மேல்நோக்கி வரும் தீயின் வேகம் மிகுவது ஏன்? அப்போது செய்யத் தக்கது எது, தகாதது எது?
6. உமது பள்ளிக்கு அல்லது பணியிடத்திற்கு அண்மையில் உள்ள காட்டை நில வகைப்படி பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உள்ளூரில் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து பட்டியலிடுக.